சித்திரம் வரையும் பிள்ளை

(திருப்பாச்சூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கம் ஆண்டுதோறும் பிள்ளைகளின் மேற்படிப்புக்குப் பொருளுதவி செய்து வருகின்றது. அது பொறியியலும் மருத்துவமும் கற்போர்க்கே சென்று சேர்கின்றது. சித்திரம் கற்க விரும்பும் பிள்ளையை நினைப்பார் இல்லை. அப்பிள்ளையின் பொருட்டே, வாசீசுவரர் கோயில் கொண்டருளும் இவ்வூரில் இன்று சில வார்த்தை பேச முன்வந்தோம்.

முதற்கண் எம் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றோம். எம் இளைய மகன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேரும் யானையும் வரைந்து வைத்திருந்தான். "இது சோறு போடுமா?" என்று அவற்றைக் கிழித்தெறிந்தோம். அவன் அழவில்லை, அதன்பின் வரையவும் இல்லை. அதனை எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் வருந்துகின்றது.

யாம் கேட்ட அவ்வினாவுக்கு ஓவியர் கோபுலுவின் வாழ்க்கையே விடையாகும். 1924-இல் தஞ்சையில் பிறந்த கோபாலன் என்னும் அவர், இளமையிலேயே சித்திரத்தில் வேட்கை கொண்டு, கும்பகோணம் சித்திரப் பள்ளியில் முறையாகப் பயின்றார். பின்னர் ஆனந்த விகடனில் புகழ்பெற்று விளங்கிய ஓவியர் மாலியை நாடிச் சென்றார். மாலி அவரை வெறும் புகழுரை கூறி அனுப்பிவிடவில்லை. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் இல்லத்து இராம பட்டாபிஷேகத்தை வரைந்து வருமாறு பணித்தார். அச்சித்திரம் 1941-ஆம் ஆண்டுத் தீபாவளி மலருக்கென வரையப்பட்டது. கோபாலனைக் 'கோபுலு' ஆக்கியவரும் மாலியே.

1945-இல் விகடனில் அமர்ந்த கோபுலு, 'தில்லானா மோகனாம்பாள்' முதலிய தொடர்கதைகளின் மாந்தருக்கு முகம் கொடுத்தார். ஒரு சொல்லும் இன்றிச் சித்திரத்தாலேயே நகைக்க வைத்தார். 1963-இல் விளம்பரத் துறை புகுந்து, 1972-இல் 'ஆட் வேவ்' என்னும் சொந்த விளம்பர நிறுவனத்தை நிறுவினார். கதை படிப்போர் அமர்ந்து படிப்பர். விளம்பரத்தையோ நடந்துகொண்டே பார்ப்பர். கண நேரத்தில் கருத்தை உணர்த்த வேண்டிய அத்தொழிலுக்கு, சொல்லின்றிப் பேசும் அவர் கோடு எத்துணை ஏற்றது! முதுமையில் வாத நோயால் வலக்கை தளர்ந்தபோதும் இடக்கையால் வரைந்தார். 2015-இல் மறையும் வரை அவ்வேட்கை தணியவில்லை.

அன்பர்காள்! வேட்கை அவருடையது, பயிற்சி பள்ளி தந்தது, முதற்பணி மாலி தந்தது. இம்மூன்றில் முதலாவது மட்டுமே பிள்ளையின் கையில் உள்ளது. ஏனைய இரண்டும் பெரியோர் கடமை.

சுற்றுப்புறத்தை நோக்குங்கள். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. சரக்கு எதுவாயினும், அதன் பெட்டிக்கும் சீட்டுக்கும் முத்திரைக்கும் வடிவம் தர ஒருவர் வேண்டுமன்றோ? 1850-இல் தோன்றிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணத்துக் கல்லூரியும் இன்றும் கற்பிக்கின்றன. கணிப்பொறி வந்த பின்னரும், எதை வரைவது, எதை விடுவது என்று தேர்வது பயின்ற கண்ணேயாகும்.

வரைகின்ற பிள்ளையர் எல்லோரும் கோபுலு ஆகிவிடுவர் என்று யாம் கூறவில்லை. பயிலாத கை ஊதியம் தராது. ஆதலின், சித்திரம் பயிலும் ஒரு மாணவருக்கேனும் ஆண்டுதோறும் உதவ நம் சங்கம் தீர்மானிக்க வேண்டும். நம் மரபில் அச்சுக்கூடமோ தொழிற்சாலையோ நடத்துவோர், அவருக்கு முதற்பணி ஒன்று தருதல் வேண்டும்.

எம் மகனுக்கு யாம் மறுத்ததை, உங்கள் மக்களுக்கு நீங்கள் மறுக்காதிருப்பீர்களாக.