இரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால்

(கோட்டாறு குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் நாம் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும்.

சில நாள் கழித்துப் பெற்றோர் வந்து, "ரத்தம் பாத்தாச்சு சாரே, நாடாப்புழு இல்லேன்னுதான் வந்திருக்கு. இனி ஸ்கேன் எதுக்கு?" என்று கேட்பார்கள். பதில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்குவது நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியக் காரணம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று அது கண்டது.

இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் புழுவைத் தேடுவதில்லை. புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே தேடுகிறது. 1989இல் அமெரிக்காவில் உருவான முறையில், புழுவின் புரதங்கள் படிந்த தாளில் நோயாளியின் சீரத்தைச் சேர்ப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் கோடுகள் தெரியும். உயிருள்ள கட்டிகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் தப்பாது. ஆனால் நம் பிள்ளைகளிடம் அதிகம் காண்பது, அழிந்துகொண்டிருக்கும் ஒற்றைக் கட்டி. அப்போது 'இல்லை' என்று வரலாம். 'உண்டு' என்று வந்தாலும், கட்டி மூளையில்தான் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்கேன். மருத்துவர் ஸ்கேன் எழுதினால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் பெற்றோரைத் தைரியம் சொல்லி அனுப்புங்கள்.

"நாங்க பன்னிக்கறி தொடவே மாட்டோமே" என்பார்கள். வேகாத கறியால் வருவது குடலில் வளரும் புழு. மூளைக் கட்டிக்குக் காரணம் அதன் முட்டை. குடலில் புழு உள்ளவரின் மலத்திலிருந்து கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியே யாருக்கும் அது வரலாம். சத்துணவுக்கு முன் சோப்பால் கை கழுவச் சொல்வது வெறும் சடங்கல்ல.

குடற்புழு நீக்க நாளில் நாம் கொடுக்கும் ஒற்றை மாத்திரை இந்தக் கட்டிக்கு மருந்தல்ல. வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது. ஒற்றைக் கட்டி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குக் கட்டி மறைந்துவிடுகிறது.

வலிப்பு பக்கத்தில் இருப்பவரைத் தொற்றாது. அந்தப் பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். வீட்டிலும் நிறுத்த விடாதீர்கள்.