படகுத்துறை வேண்டாம், நடந்து போவோம்

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த எங்களுக்குத் தேக்கடி ஒரு சுற்றுலாத் தலமே இல்லை. மேலே இருக்கிற பக்கத்து ஊர், அவ்வளவுதான். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் அந்தப் பெரிய தண்ணீர்க் குழாய்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினால், வளைவுகள் முடிகிற இடத்தில் குமுளி. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஏலக்காய் வாசம் வரும்.

பெரியாறு அணை, பென்னிகுக், ஏரியில் படகு, கரையில் தண்ணீர் குடிக்கும் யானைக் கூட்டம், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதிப் பேர் போய்ப் பார்த்தே இருப்பீர்கள். அதனால் இன்றைக்குப் படகுத்துறை வரிசையில் நிற்க வேண்டாம். குமுளிக் கடைத்தெருவை விட்டு விலகி, காட்டோரமாக என்னோடு வாருங்கள். மன்னாக்குடிக்கும் பளியக்குடிக்கும் போவோம்.

மன்னான், பளியர் என்று இரண்டு பழங்குடிகள். இந்தக் காட்டுக்குள் இருந்தவர்களைத்தான் பிற்பாடு வெளியே கொண்டுவந்து இந்த ஓரத்தில் குடியமர்த்தினார்கள். பளியர்கள் பேசுவது தமிழின் ஒரு வழக்கு. நம் வருசநாட்டு மலையிலும் பழனி மலையிலும் அவர்கள் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். மலைத்தேன் எடுப்பதில் கைதேர்ந்தவர்கள். மன்னான்களுக்கு ஒரு அரசரே உண்டு. கட்டப்பனைக்குப் பக்கத்தில் கோவில்மலையில் இருக்கிறார். 2025 குடியரசு தின விழாவுக்கு டெல்லிக்கு அழைக்கப்பட்டாரே, செய்தியில் படித்திருப்பீர்கள். மதுரைப் பாண்டியர்களோடு தங்களுக்குத் தொடர்பு உண்டு என்று மன்னான்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் ஆடும் கூத்தில் வருவது கோவலன் கண்ணகி கதை. அந்தக் காட்டின் மேலேயே, எல்லை மலையில், மங்கலதேவி கண்ணகி கோட்டம். சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் நம்மை ஏற விடுகிறார்களே, அதே கோயில். கீழே குடியில் கண்ணகியின் கூத்து, மேலே கண்ணகியின் கோயில். இது எனக்கு இன்றும் வியப்பு.

சரி, நடைக்கு வருகிறேன். காலையில் போனால் முதலில் காலுக்கு ஒரு துணி உறை தருவார்கள். முழங்கால்வரை இழுத்துக் கட்ட வேண்டும். அட்டை ஏறாமல் இருக்க. பிறகு ஏரியின் ஒரு கையைக் கடக்க மூங்கில் தெப்பம். கரைக்குக் கரை கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் தெப்பம் நகரும். முன்னால் நடப்பவர் மன்னாக்குடியையோ பளியக்குடியையோ சேர்ந்தவர். ஒருமுறை என்னோடு வந்த அண்ணன் ஒரு மரத்தடியில் நின்றார். மரத்தில் என் தலைக்கு மேலே காய்ந்த சேறு பூசியிருந்தது. யானை உரசிய இடம். "எவ்வளவு உசரத்துல சேறு இருக்குன்னு பாருங்க, பெரிய கொம்பன்" என்றார். நாலடி தள்ளிக் கிடந்த லத்தியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் சூடு ஆறல. நாம இந்தப் பக்கம் வேண்டாம்." அவ்வளவுதான், பாதை மாறியது. எங்கள் பேச்சும் நின்றது. நான்கு பேர் இருந்தோம், ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

இப்படி ஒருவர் பின்னால் நடக்கும் ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை, நேயர்களே. இந்தக் காடு 1899இல் ரிசர்வ் ஆனது, 1934இல் சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம். ஒவ்வொரு தடவையும் சட்டம் இறுகியது. காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் காட்டுக்குள் போனாலே குற்றம் என்றானது. 1996இல் உலக வங்கி உதவியோடு இந்தியாவில் ஏழு காடுகளில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பெரியாறு அதில் ஒன்று. ஊருக்கு ஒரு குழு, தொழிலுக்கு ஒரு குழு. இந்தக் குழுக்களை அங்கே எல்லோரும் ஈ.டி.சி. என்றே சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வயண மரம் என்று ஒன்று. நாம் பிரியாணிக்குப் போடுகிற பட்டையின் காட்டுச் சொந்தம். பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். குமுளிப் பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இதையே தொழிலாக வைத்திருந்தார்கள். பழங்குடிகள் இல்லை, சுற்றுவட்டாரத்துக்காரர்கள். அரிசி பருப்பைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி, பட்டை உரித்துக் காயவைத்து, தலைச்சுமையாக வெளியே கொண்டுவருவார்கள். வாங்கும் வியாபாரிதான் சம்பாதித்தான். இவர்களுக்குக் கிடைத்தது வழக்கு, ஜெயில், வக்கீல் பீஸ், ராத்திரித் தூக்கம் இல்லாத வீடு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வனத்துறை அதிகாரிகள் இவர்களிடம் பேசினார்கள். தொழிலை விட்டுவிடுங்கள், வழக்குகளைக் கைவிட ஏற்பாடு செய்கிறோம், காட்டுக்குள் வேறு வேலை தருகிறோம் என்றார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! நேற்றுவரை துரத்தியவரும் ஓடியவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

வந்தார்கள். புலித்தடம் என்று ஒரு பயணம், காட்டுக்குள் கூடாரம் போட்டு ஓரிரு இரவுகள் தங்குவது, இவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எந்தப் புல்வெளியில் காட்டுமாடு மேயும், எந்த வழியில் கள்ளன் வருவான், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. விருந்தினரை அழைத்துப்போகும் அந்த நடையே காவல் ரோந்தும் ஆயிற்று. வேட்டைக் கும்பல்களைப் பிடிக்க இவர்கள் கொடுத்த துப்பு பெரிதும் உதவியது. நம் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சந்தனம் வெட்டப் போனவர்களும் பிறகு ‘விடியல்’ என்ற பெயரில் சங்கம் அமைத்து இதே வழிக்கு வந்தார்கள். தண்டனை செய்ய முடியாததை மாதச் சம்பளமும் ஊரில் கிடைத்த மரியாதையும் செய்தன என்பது என் உறுதியான எண்ணம்.

மன்னாக்குடியை மறந்துவிடவில்லை. அங்கே பிரச்சினை மிளகு. கொடி அவர்களுடையது, ஆனால் அவசரத்துக்கு வாங்கிய கடனுக்காக விளைச்சல் முன்கூட்டியே வியாபாரிக்குப் போய்விடும். தன் கொடியிலேயே கூலிக்கு மிளகு பறிக்கும் நிலை. குழு வந்ததும் முதலில் அந்தக் கடனை அடைத்தார்கள். பிறகு எல்லோருடைய மிளகையும் சேர்த்து நேராக விற்றார்கள். ஏரியில் மீன் பிடிக்கும் மன்னான்களின் உரிமையும் தொடர்கிறது. பையன்கள் வழிகாட்டிகள் ஆனார்கள். 2002இல் பெண்கள் ‘வசந்த சேனை’ என்று ஒன்று தொடங்கி, முறை போட்டுக்கொண்டு, கூலி வாங்காமல் சந்தன மரங்களுக்குக் காவல் சுற்றினார்கள். காடு காய்ந்தால் தண்ணீர் தூரமாகப் போவது முதலில் தெரிவது பெண்களுக்குத்தானே! திட்டத்துக்கு வந்த வெளிப்பணம் 2004இல் முடிந்தது. அதோடு எல்லாம் நின்றுவிடாமல் இருக்கப் பெரியாறு பவுண்டேஷனை அமைத்தார்கள். நுழைவுச் சீட்டில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஒரு சிறு தொகை அங்கேதான் போகிறது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். குமுளியில் விடுதி வைத்திருப்பவர் வேறு, ஜீப் வைத்திருப்பவர் வேறு. பெரிய லாபம் அந்தப் பக்கம். காட்டைத் தெரிந்தவர் வழிகாட்டியாகவே நின்றுவிடுகிறார். காட்டில் எத்தனை பேரை விடலாம், எந்தப் பாதையை இந்த வருடம் மூடி வைக்கலாம், கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்யும் மேசையில் பளியக்குடி மூப்பனுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். லத்தியின் சூட்டை வைத்துப் பாதையை மாற்றத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்.

நேரம் முடியப்போகிறது. உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை தேக்கடி போனால், ரோட்டோரம் ஜீப்பைக் காட்டிக் கூப்பிடும் தரகரிடம் போகாதீர்கள். வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்தில் நடைப்பயணத்துக்குச் சீட்டு வாங்குங்கள். காலை முதல் நடையே நல்லது. பளபளக்கிற சட்டை, சத்தமான பேச்சு, பிளாஸ்டிக் பை மூன்றையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். முன்னால் போகிறவரிடம் எந்தக் குடி என்று கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர் நில்லுங்கள் என்றால் நில்லுங்கள். மன்னாக்குடி மிளகு கிடைத்தால் கால் கிலோ வாங்கி வாருங்கள்.