ஆயிரம் கோள்களும் ஒரு மதிப்பெண்ணும்



ஒரே படைப்பைப் பற்றி உலகம் முரண்பட்ட தீர்ப்புகளைக் கூறும்போது நாம் எதனைக் கொள்வது? இவ்வினாவைக் காவியத்தை வைத்து ஆராயலாம். ஓவியத்தை வைத்தும் ஆராயலாம். இன்று நான், உங்களில் பலர் நன்கறிந்த கணினி விளையாட்டு ஒன்றை வைத்து ஆராய எண்ணுகிறேன். 'ஸ்டார்ஃபீல்டு' என்பது அதன் பெயர். நான் அதனை ஆடித் தேர்ந்தவன் அல்லன். என் பேரன் ஆடுகையில் அருகிருந்து பார்த்தவன். அதனைப் பற்றி எழுதப்பட்ட திறனாய்வுகளை, விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணோடு படித்தவன்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் நகரில் இயங்கும் பெதெஸ்தா நிறுவனம் இதனைப் படைத்தது. 2011-இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டால் பெரும்புகழ் பெற்ற நிறுவனம் அது. ஸ்டார்ஃபீல்டின் முதல் அறிவிப்பு 2018-இல் வந்தது. 2022 நவம்பரில் வெளியாக வேண்டியது தள்ளிப்போய், 2023 செப்டம்பர் 6-ஆம் நாள் வெளிவந்தது. கதை 2330-ஆம் ஆண்டில் நிகழ்கிறது. ஆடுபவர் தமக்கென ஒரு பாத்திரத்தை வகுத்துக்கொண்டு, விண்கலம் ஏறி, விரும்பிய திசையில் செல்லலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட கோள்கள் உண்டு என்று இயக்குநர் டாட் ஹோவர்ட் 2022-இலேயே கூறியிருந்தார். 'ஆயிரம்' என்னும் அந்த ஒரு சொல் எதிர்பார்ப்பை விண்ணளவு உயர்த்திவிட்டது.

தீர்ப்புகள் எவ்வாறு வந்தன? முழு மதிப்பெண் அளித்த இதழ்கள் உண்டு. ஐஜிஎன், கேம்ஸ்பாட் ஆகிய இரண்டும் 10-க்கு 7 அளித்தன. திறனாய்வுகளின் சராசரியைக் கணக்கிடும் மெட்டாக்ரிட்டிக்கில் அது 100-க்கு 80-ஐத் தாண்டி நின்றது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலோ, வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளின் தொகுப்பு அவ்வாண்டு நவம்பரில் 'கலவை' என்னும் நிலைக்கு இறங்கியது. அதே ஸ்டீமில் நடந்த வாக்கெடுப்பில், 2024 ஜனவரியில், புதுமை மிக்க ஆட்டத்துக்கான விருது இதற்கே கிடைத்தது! எண்களையும் விருதுகளையும் மட்டும் பார்ப்பவனுக்குத் தலை சுற்றும். ஆகவே, அவற்றை ஒதுக்கிவிட்டுக் காரணங்களைப் பார்ப்போம்.

பாராட்டியவர்கள் கூறிய காரணங்கள் தெளிவானவை. உறுப்பு உறுப்பாகச் சேர்த்துத் தம் விண்கலத்தைத் தாமே அமைத்துக்கொள்ளும் வசதி, நகரங்களில் கிளைக்கும் கதைகள், உண்மையான விண்வெளிக் கருவிகளை ஒத்த தோற்றம் ஆகியவை அவர்களைக் கவர்ந்தன. குறை கூறியவர்களின் சொல், 'கோள்கள் வெறுமையாக உள்ளன' என்பது. இது மேலோட்டமான குறையா, ஆழ்ந்த குறையா?

கோள்களின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை மனிதர் கையால் வரையவில்லை. மலை இவ்வாறு எழவேண்டும், மணல் இவ்வாறு பரவவேண்டும் என்று விதிகளை வகுத்துக் கொடுக்க, கணினி அவற்றின்படி நிலத்தை ஆக்குகிறது. கையால் அமைத்த சில கட்டடங்கள் அந்நிலத்தில் ஆங்காங்கே வைக்கப்படுகின்றன. ஆடுபவர் ஒரு கோளில் கண்ட பாழடைந்த ஆய்வுக்கூடத்தையே, அதே அறைகளோடும் அதே பொருள்களோடும், வேறொரு கோளிலும் காண்கிறார்.

இவ்வித ஆக்கம் புதியதும் அன்று. 1984-இல், கேம்பிரிட்ஜ் மாணவர்களாயிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் இருவரும் 'எலீட்' என்னும் விண்வெளி விளையாட்டைப் படைத்தனர். 32 கிலோபைட் நினைவகமே கொண்ட கணினிக்காக எழுதப்பட்டது அது. கணித விதிகளைக் கொண்டு, ஏறத்தாழ 281 லட்சம் கோடி விண்மீன் மண்டலங்களை அதில் ஆக்க அவர்களால் முடிந்தது. ஆனால், வெளியீட்டாளர் விருப்பப்படி எட்டு மட்டுமே வைத்தனர். ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எண்ணிக்கை பெருகப் பெருக, அது எந்திரத்தின் ஆக்கம் என்பது வெளிப்பட்டுவிடும் என்று அந்த வெளியீட்டாளர் அஞ்சினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணரப்பட்ட உண்மை இது.

வெறுமை என்னும் குறைக்கு பெதெஸ்தா விடை கூறியது. 2023-இன் இறுதியில், ஸ்டீமில் குறை எழுதியவர்களுக்கு அதன் சார்பில் வந்த மறுமொழியின் சாரம் இதுதான்: சில கோள்கள் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டன, சந்திரனில் இறங்கியவர்களும் அங்கே ஒன்றையும் காணவில்லை, ஆயினும் அவர்கள் சலிப்படையவில்லை.

மாணவர்களே, இவ்வாதத்தைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். அப்பல்லோ 11 கலம் 1969 ஜூலை 16-இல் புறப்பட்டு, ஜூலை 20-இல் சந்திரனில் இறங்கியது. நான்கு நாள் பயணம். அதற்கு முன் பல்லாண்டுப் பயிற்சி. திரும்பி வருவோமா என்னும் ஐயம். இவ்வளவையும் கடந்து சென்றவர்களுக்கு அந்த வெறுமை வியப்பாக இருந்தது. ஸ்டார்ஃபீல்டிலோ, வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் சில நொடிகளில் கோளை அடைந்துவிடலாம். வழி என்பதே அங்கு இல்லை. 'ஸ்கைரிம்' விளையாட்டில் தொலைவில் ஒரு மலையைக் கண்டு நடக்கத் தொடங்கினால், வழியில் ஒரு குகையும் ஒரு சிற்றூரும் எதிர்ப்படும். குறை கூறியோரில் பலர் இழந்ததாக வருந்தியது இந்த வழியைத்தான். அதனைச் சொல்லத் தெரியாதவர்கள் 'வெறுமை' என்று சொன்னார்கள். காரணம் காணத் தெரிந்த திறனாய்வாளர்கள் பெயர் சுட்டிச் சொன்னார்கள்.

காரணத்தோடு கூறப்பட்ட குறைக்குப் பயன் உண்டு. தொடக்கத்தில் நகரங்களுக்குத் தக்க வரைபடம் இல்லை என்று பலர் எழுதினர். 2024 மே மாதம் வரைபடம் சேர்க்கப்பட்டது. கோள்களில் நடந்தே செல்ல வேண்டியிருக்கிறது என்றனர். ஆகஸ்டில் ஓர் ஊர்தி சேர்க்கப்பட்டது. செப்டம்பர் இறுதியில் வந்த விரிவாக்கம், கையால் அமைத்த ஒரே கோளை மையமாகக் கொண்டது. அதற்கும் வரவேற்பு கலவையாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாக் குறையும் திருத்தத்தால் நீங்கிவிடுவதில்லை. ஆனால், '7' என்னும் எண்ணைப் பார்த்து எந்தப் படைப்பாளியும் ஒரு வரைபடத்தைச் சேர்க்க முடியாது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த விதி ஒன்று உண்டு. மதிப்பெண் மாணவன் நிற்கும் இடத்தைச் சொல்லும். ஓரத்தில் எழுதும் குறிப்பே அவன் செல்லவேண்டிய வழியைச் சொல்லும். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தவுடன் பெரும்பாலான மாணவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். குறிப்பைப் படித்து, 'ஐயா, இது ஏன் தவறு?' என்று கேட்க எழுந்து வருபவர்கள் சிலரே. அச்சிலர் அடுத்த தேர்வில் முன்னேறியதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன்.

இன்று நீங்கள் ஒவ்வொருவரும் திறனாய்வாளராக இருக்கிறீர்கள். திரைப்படத்துக்கும் உணவு விடுதிக்கும் ஆசிரியருக்கும்கூட நட்சத்திரம் இடுகிறீர்கள். நாளை உங்கள் உழைப்புக்கும் பிறர் இடுவார்கள். ஆகவே, எதற்கேனும் எண் இடும்முன், 'ஏனெனில்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். அவ்வாக்கியம் வரவில்லையெனில், எண்ணையும் இடாதிருங்கள். பல ஆண்டுகள் உழைத்து ஒரு படைப்பை ஆக்கியவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன், குறைந்த அளவு அந்த ஒரு வாக்கியமாவது ஆகும்.