கூட வேலை செய்தவர்களை மறக்கலாமா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். படிப்பையும் ஒழுக்கத்தையும் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய பெரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். ஆகவே நான் வானொலியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வானொலிப் பாட்டைப் பற்றிப் பேசப் போவதில்லை. அந்த நிலையங்களுக்குள்ளே ஒன்றாக வேலை செய்தவர்களைப் பற்றியும், அவர்களுடைய பெயர்கள் எப்படி நமக்குக் கிடைத்தன என்பதைப் பற்றியும் சொல்லப் போகிறேன். ‘அதுக்கும் நம்ம தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம், வாத்தியாரே?’ என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் ரேடியோ மலாயா தொடங்கியது. தலைமை நிலையம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. மலாய், சீனம், ஆங்கிலம் இவற்றோடு தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. 1948-இல் அவசரகாலம் வந்தது. தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்காக அரசாங்கமே பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. 1959-இல் தலைமை நிலையம் கோலாலம்பூருக்கு வந்தது. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உதயமானபோது ரேடியோ மலாயா, ரேடியோ மலேசியா ஆயிற்று. அதன் தமிழ்ப் பகுதியின் வழியில் வந்ததுதான் இன்று நம் வீடுகளில் ஒலிக்கும் மின்னல் எப்.எம். நம் மாநிலத்துக்கென்று மலாக்கா எப்.எம். இருக்கிறது, அது மலாய்மொழி நிலையம். தமிழ்க் குரல் கேட்க அன்றும் இன்றும் நாம் தலைநகரின் பக்கம்தான் காது வைத்திருக்கிறோம்.

என் பாட்டி சொல்வார்: “அப்பல்லாம் வீட்டுக்கு வீடு ரேடியோ ஏதுப்பா? கிராணி வீட்டு வாசல்ல நின்னுதான் கேப்போம். நாடகம் வந்துட்டா, புள்ள அழுதாக்கூட வாயப் பொத்திருவோம்.” நாடகத்தில் நடித்தவர்களின் பெயர்கள் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். ஆனால் கதவு திறக்கும் சத்தத்தைக் கொடுத்தவர் யார்? தகரத்தை ஆட்டி இடி இடிக்க வைத்தவர் யார்? தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக் குதிரையை ஓடவிட்டவர் யார்? கேட்டவர்களுக்குத் தெரியாது.

மாணவர்களே, ஒரு வானொலி நிலையத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் தெரியுமா? நாம் அறிவது அறிவிப்பாளர் ஒருவரைத்தான். அவர் வாசிக்கும் செய்தியைத் தமிழாக்க ஒருவர், அதைத் தட்டச்சு செய்ய ஒருவர், இசைத்தட்டை எண் பார்த்து எடுத்துக் கொடுக்க ஒருவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒருவர். அந்தக் காலத்தில் ஒலிநாடாவில் பிழை வந்தால், அந்தத் துண்டைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் ஒட்டுவார்கள். ஒட்டிய இடம் கேட்பவர் காதுக்குத் தெரியக்கூடாது. அதுதான் அந்தத் தொழிலாளியின் திறமை. பாருங்கள், அவர் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அவ்வளவுக்கு அவர் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது!

சிற்றூர் நிலையம் என்றால் ஒருவரே பல வேலை பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நாகர்கோவிலில் 1984 அக்டோபர் 30-இல் ஒரு சின்ன நிலையம் தொடங்கியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். அப்படிப்பட்ட இடத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் ஒருநாள் வராவிட்டால் மற்றவர்களுக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும். அதனால்தான் வானொலிக்காரர்கள் ஒருவரையொருவர் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

ஆனால் மனசில் இருப்பது மட்டும் போதுமா? போதாது. ஒலிநாடா அன்று விலை உயர்ந்த பொருள். ஒலிபரப்பான நிகழ்ச்சியை அழித்துவிட்டு, அதே நாடாவில் இன்னொன்றைப் பதிவார்கள். பி.பி.சி. போன்ற பெரிய நிலையத்திலேயே இது நடந்திருக்கிறது. குரலும் போயிற்று, குரலுக்குப் பின்னால் நின்றவர்களும் போனார்கள். அவசரகாலத்தின்போது, 1950-இல், தகவல் சேவைக்குத் தலைமை ஏற்க ஹியூ கிரீன் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்தார். பிற்பாடு 1960-இல் அவர் பி.பி.சி.யின் தலைமை இயக்குநரானார். அவர் பெயர் வரலாற்று நூல்களில் பத்திரமாக இருக்கிறது. அதே நாட்களில் நம் தோட்டத்து மக்களுக்காகச் செய்தியைத் தமிழாக்கிக் கொடுத்தவர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள். தேடித் தேடிக் கண் வலிக்கும்.

இப்படி மறைந்து போகாமல் சில பெயர்கள் தப்பியிருக்கின்றன. எப்படித் தப்பின? உடன் வேலை செய்த யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதினார். அதனால் தப்பின.

நம் நாட்டிலேயே அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். அண்ணன் ரெ. சண்முகம் வானொலியிலே பணியாற்றியவர். பாடகர், நாடகக்காரர், கவிஞர். தம் அனுபவங்களை ‘இந்த மேடையில் சில நாடகங்கள்’ என்ற நூலாக எழுதி வைத்தார். தம்பி ரெ. கார்த்திகேசு கெடா மாநிலம் பீடோங்கில் பிறந்தவர். வானொலியில் வேலை செய்துவிட்டு, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நாவல்கள் எழுதினார். 2016-இல் மறைந்தார். ஜொகூர் பாருவில் பிறந்த பி. கிருஷ்ணன் சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றி, ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்ற தொடர் நாடகத்தை எழுதினார். அந்த நாடகம் பின்னர் புத்தகமாக வந்ததால்தான் இன்று நம் கைக்கும் எட்டுகிறது. 2008-இல் சிங்கப்பூர் அரசு அவருக்குக் கலாசாரப் பதக்கம் கொடுத்தது.

இலங்கை வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ். பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா என்றெல்லாம் பழைய நேயர்கள் இன்றும் பெயர் சொல்வார்கள். அவர்கள் வழியில் வந்த பி. எச். அப்துல் ஹமீது, ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று தம் வானொலி வாழ்க்கையை நூலாக்கியிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர். தொழிலைத் தமக்குள்ளே பூட்டி வைத்துக்கொள்ளாமல் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற புத்தகமாகக் கொடுத்துவிட்டுப் போனார். 1941-இல் தொடங்கிய அந்தத் தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30-ஆம் நாள் நின்றுவிட்டது. ஒலி நின்றாலும் புத்தகம் நிற்கிறது.

இவர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு மனிதர் வீட்டில் எப்படி இருந்தார் என்பது மனைவி மக்களுக்குத் தெரியும். வேலையில் எப்படி இருந்தார் என்பது கூட வேலை செய்தவருக்குத்தான் தெரியும். அந்தக் கடைசிக் கூட்டாளியும் கண்மூடிவிட்டால், அந்த மனிதரின் பாதி வாழ்க்கை அவரோடு போய்விடும்.

இப்போது நம் தோட்டத்துக்கு வருகிறேன். சென்னை வானொலியில் பணியாற்றிய எழுத்தாளர் அகிலன் எழுபதுகளில் நம் நாட்டுக்கு வந்து போய், பால்மரத் தொழிலாளர்களைப் பற்றிப் ‘பால்மரக் காட்டினிலே’ என்று ஒரு நாவல் எழுதினார். வந்து போன விருந்தாளி நம்மைப் பற்றி எழுதினார். இங்கேயே பிறந்து வளர்ந்த நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம்? 1967-இல் நம் ஜாசின் வட்டாரத்து அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடைப்பயணம் போனார்கள். அது சின்ன காரியமா? அந்தப் பாதையில் பக்கத்தில் நடந்தவர் யார், கால் வீங்கியவருக்குத் தோள் கொடுத்தவர் யார் என்று கூட நடந்தவர்தானே சொல்ல முடியும்?

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகின்றன. நம் சனங்கள் தாமான்களுக்குக் குடிபோகிறார்கள். பிள்ளைகள் வேனில் ஏறிப் பள்ளிக்கு வருகிறார்கள். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல்தான். நம் மலாக்காவில் 21. ஒரு பள்ளி இடம் மாறினால் நாற்காலி மேசை லாரியில் போய்விடும். ஆயாக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகளுக்குத் தூளி ஆட்டிய கிழவியின் பெயர் எந்த லாரியில் போகும்?

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த விடுமுறையில் உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ, அவர்கள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ உட்காருங்கள். “உங்க கதையைச் சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். கேட்டால், “என்னப்பா பெரிய கதை” என்று எழுந்து போய்விடுவார்கள். “உங்க நிரைக்கு அடுத்த நிரையில் பால் வெட்டினது யாரு?” என்று கேளுங்கள். “உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ உங்க மங்கையும் சேர்த்துத் துடைச்சுக் கொடுத்தது யாரு? பெரட்டுக்கு எப்பவும் முதல்ல வந்தது யாரு? யார்கிட்ட சண்டை போட்டீங்க? எப்படிச் சமாதானம் ஆனீங்க?” என்று கேளுங்கள். அப்புறம் பாருங்கள், வாய் தானாகத் திறக்கும்.

கேட்டதை ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். ‘நல்லவர், வல்லவர்’ என்று எழுத வேண்டாம். அது பரிசுக் கோப்பையில் பொறிக்கிற வார்த்தை. காண்டா வாளியைத் தோளில் தூக்கும்போது அவர் என்ன சொல்வார், கத்தியை எப்படித் தீட்டுவார், யாருக்குத் தெரியாமல் யாருக்கு உதவினார் என்று எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன். பெயரை மட்டும் தப்பில்லாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். பேரைப் போடச் சம்மதமா என்று அவர்களையோ அவர்கள் பிள்ளைகளையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து கேட்கும்போது, “போய்ப் பாடத்தைப் படி” என்று விரட்டாதீர்கள். இதுவும் பாடம்தான். தாய்மொழிப் பாடம், வரலாற்றுப் பாடம் இரண்டும் இதில் இருக்கின்றன. கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறது. பெரியவர் பேசும் குரலையும் அதிலேயே பதிந்து வையுங்கள். அன்று பெரிய நிலையங்கள் அழித்த நாடாவை நினைத்து இன்று வருத்தப்படுகிறோம். நம் கையிலிருப்பதை நாமே அழித்துவிட்டு வருத்தப்படக் கூடாது.

அடுத்த ஆண்டு மலரில் இந்தப் பக்கங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டுமென்று தலைமையாசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இருபது பிள்ளைகள் எழுதினால் இருபது பெயர்கள் மிஞ்சும். அந்த இருபது பேரும் இன்னொரு இருபது பேரின் பெயரைச் சொல்லியிருப்பார்கள்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் பாராட்டு.