முதலில் சகோதரனிடம் போ
(பெருமாள்மலை ஜெபக்கூட்டத்தில் அளித்த தேவசெய்தி)



சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனிடம் தனியே பேசு. கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போ. அதன்பின்பே சபைக்குச் சொல். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் வழி இது. நாமோ முதலில் ஊருக்குச் சொல்கிறோம். பிறகு வக்கீலிடம் போகிறோம். சகோதரனிடம் மட்டும் போவதில்லை.

1919-இல் தரங்கம்பாடியில் ஊழியர்கள் கூடி ஐக்கியத்துக்கு வித்திட்டார்கள். பொறுமையோடு 28 ஆண்டுகள் பேசினார்கள். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. அதே சபையின் சொத்துக்கும் தேர்தலுக்கும் இன்று நீதிமன்றங்களில் எத்தனை வழக்குகள்!

உள்ளே சீழ் இருக்க மேலே கட்டுப் போட்டால் புண் ஆறாது. நம் மனஸ்தாபமும் அப்படியே.

பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகச் சொன்னார் ஆண்டவர். இந்த ஆஸ்பத்திரிக்கான உங்கள் காணிக்கை ஒரு வாரம் தாமதித்தாலும் பரவாயில்லை. முதலில் அந்தச் சகோதரன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆமென்.