வாக்கிங் போகாமலே நடப்பது எப்படி?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் நடக்கிறதைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். உடனே ஆஃப் பண்ணிடாதீங்க. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, ஷூ மாட்டிக்கிட்டு, பார்க்கை பத்து ரவுண்டு சுத்துங்கன்னு சொல்லப் போறதில்லை. அப்படிச் சுத்தறவங்களுக்கு என் மரியாதை. ஆனா எனக்குத் தெரிஞ்சவங்கள்ல பாதிப்பேர் ஷூ வாங்கினதோட சரி. அது இப்போ செருப்பு ஸ்டாண்டுல மேல் தட்டுல இருக்கு.

நான் சொல்ல வர்றது வேற. நம்ம ஒவ்வொரு நாளுக்குள்ளயும் ஏற்கெனவே கொஞ்சம் தூரம் இருக்கு. வீட்டுல இருந்து ஸ்டேஷன், ஸ்டேஷன்ல இருந்து ஆபீஸ், தெருமுனை மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப், மூணாவது மாடி. அதையெல்லாம் ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோ, லிஃப்ட், டெலிவரி ஆப் கையில கொடுத்துட்டு, அப்புறம் "நடக்க டைமே இல்லையே"ன்னு தனியா ஒரு மணி நேரத்தைத் தேடறோம். அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. கொடுத்த தூரத்துல கொஞ்சத்தைத் திரும்ப வாங்கலாம்.

இதை நான் யோசிக்க ஆரம்பிச்சது அப்பாவால. அவருக்கு வயசு 61. ஒன்பது வருஷமா சர்க்கரை. ஒவ்வொரு தடவை டாக்டர்கிட்ட போகும்போதும் "தினமும் 45 நிமிஷம் நடங்க"ன்னு சொல்லுவாங்க. அப்பாவும் தலையாட்டுவார். பத்து நாள் போவார். அப்புறம் மழை. அப்புறம் முட்டி வலி. அப்புறம் மூணாவது குறுக்குத் தெருவுல புதுசா ஒரு நாய். அதோட நின்னுடும். "சோம்பேறித்தனம்"னு அம்மா சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. 35 வருஷம் வேலைக்கு ஓடின மனுஷன் சோம்பேறி கிடையாது. காரணமே இல்லாம கிளம்பி, எங்கேயும் போகாம, கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றது அவருக்கு ஒரு வேலையாவே தெரியல. அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு ஆய்வைப் பத்திப் படிச்சேன். நியூசிலாந்துல, ஒடாகோ பல்கலைக்கழகத்துல செஞ்சது, 2016-ல வெளிவந்தது. டைப் 2 சர்க்கரை இருக்கிற 41 பேர். கொஞ்ச நாள் அவங்களை ஒரு நாளைக்கு 30 நிமிஷம், எப்ப வேணும்னாலும் நடங்கன்னு சொன்னாங்க. இன்னும் கொஞ்ச நாள் மூணு வேளையும் சாப்பிட்டு முடிச்சதும் பத்துப் பத்து நிமிஷம் நடங்கன்னு சொன்னாங்க. மொத்தம் பார்த்தா ரெண்டும் அதே 30 நிமிஷம்தான். ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சர்க்கரை, ரெண்டாவது முறையில சராசரியா 12 சதவீதம் குறைவா இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் பார்த்தா 22 சதவீதம்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. சாப்பிட்ட உடனே ரத்தத்துல குளுக்கோஸ் ஏறும். அந்த நேரம் பார்த்து கால் தசை வேலை செஞ்சா, அது அந்தக் குளுக்கோஸை இழுத்துக்கும். இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்க உடம்புலகூட இது நடக்கும். நம்ம வீடுகள்ல ராத்திரி என்ன நடக்குது? ஒன்பதரைக்குத் தோசை, அப்புறம் சோபா, சீரியலோ மேட்சோ, அப்புறம் படுக்கை. நாள்லயே அதிகமா உட்காருற நேரமும் இட்லி, தோசை, சப்பாத்தின்னு மாவுச்சத்து உள்ளே போற நேரமும் ஒண்ணா வருது.

அப்பாகிட்ட "வாக்கிங்"ங்கிற வார்த்தையையே நான் எடுக்கல. "சாப்பிட்டாச்சுல்ல, வாங்க, முனை வரைக்கும் போய்ட்டு வருவோம்"னு சொன்னேன். வேட்டியோட, செருப்போட வந்தார். வாட்ச்மேன்கிட்ட ரெண்டு வார்த்தை, மூடப் போற இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை. பத்து நிமிஷம் ஆயிடுச்சு. மழை பெஞ்சா அபார்ட்மென்ட் பார்க்கிங்ல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். மதியம் வெயில்ல வெளியே போக முடியாது, அதனால வீட்டுக்குள்ளயே ஹால்ல இருந்து பால்கனி. ஏழு மாசமா இது ஓடுது. அவரோட மூணு மாச சராசரி 8.4-ல இருந்து 7.6-க்கு வந்திருக்கு. இதுல ஒண்ணு சொல்லிடணும், நடுவுல டாக்டர் ஒரு மாத்திரையையும் மாத்தினார். அதனால இதை முழுக்க நடைக்கணக்குல எழுத மாட்டேன். உங்க வீட்டுலயும் யாராவது சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கிறாங்கன்னா, பாதத்துல மரத்துப் போற உணர்வு இருக்குன்னா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. வெறுங்காலோட மட்டும் வேண்டாம்.

இப்போ என் விஷயம். எனக்கு கிண்டியில ஆபீஸ். நங்கநல்லூர்ல வீடு. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல பழவந்தாங்கல்ல இறங்கினா வீட்டுக்கு ஒண்ணேகால் கிலோமீட்டர். முன்னாடி சாயங்காலம் அப்பா ஸ்கூட்டர்ல வந்து கூட்டிட்டுப் போவார், இல்லைன்னா ஷேர் ஆட்டோ. இப்போ நடக்கிறேன். பதினஞ்சு நிமிஷம், சுமார் 1,600 ஸ்டெப். ஆட்டோவுக்குக் காத்திருந்து, அது நிறையறதுக்குக் காத்திருந்து போற நேரத்தோட ஒப்பிட்டா, எனக்கு அதிகமாகிற நேரம் அஞ்சு ஆறு நிமிஷம்தான்.

சாயங்காலம் மட்டும்தான். காலைல நடக்கிறதில்லை. சென்னையில காலை ஒன்பது மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்து ஆபீஸ் போனா, முதல் மீட்டிங்ல வேர்வையோட உட்கார்ந்திருக்கணும். வெளிநாட்டு வீடியோக்கள்ல "வேலைக்கு நடந்தே போங்க"ன்னு ஈஸியா சொல்லிடறாங்க. அவங்களுக்கு நம்ம மே மாசம் தெரியாது. திரும்பி வரும்போது வேர்த்தா என்ன, வீட்டுக்குப் போய்க் குளிக்கத்தானே போறோம்.

"இவ்வளவு குட்டிக் குட்டி நடை எல்லாம் கணக்குல வருமா?"ன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டா. வரும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேணும்னு சொல்லுது. முன்னாடி அதுல ஒரு நிபந்தனை இருந்தது: ஒரே தடவையில குறைஞ்சது பத்து நிமிஷம் செஞ்சாத்தான் கணக்கு. 2020-ல வந்த வழிகாட்டுதல்ல அந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க. மூணு நிமிஷமும் சேரும்.

அப்புறம் அந்த 10,000. வாட்ச்சுல 10,000 காட்டலைன்னா நாள் வீணாப் போச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய. அந்த எண் வந்த கதை தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச அடுத்த வருஷம், 1965-ல, ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டிக்கிற ஸ்டெப் மீட்டர் ஒண்ணு வித்தாங்க. பேர் 'மன்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி அளவி'ன்னு அர்த்தம். பொருளோட பேர்தான் உலகத்துக்கே இலக்கா மாறிடுச்சு. 2019-ல அமெரிக்காவுல சராசரி வயசு 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வெச்சு வந்த ஆய்வுல, ஒரு நாளைக்கு சுமார் 2,700 ஸ்டெப் நடந்தவங்களைவிட 4,400 நடந்தவங்களுக்கு இறப்பு விகிதம் நல்லாவே குறைஞ்சிருந்தது. 7,500-க்கு மேல போனா கூடுதல் பலன் பெரிசா தெரியல. அவங்க வயசானவங்க. 25 வயசுக்காரங்களுக்கு அதே எண்ணை அப்படியே ஒட்ட முடியாது. ஆனா 3,000-ல இருக்கிறவர் 5,000-க்குப் போறதுல நல்ல லாபம் இருக்குங்கிறது எனக்குப் போதுமான சேதி.

இன்னொரு பழைய ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெரமி மோரிஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர். லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களைப் பத்தி 1953-ல வெளியிட்டார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். அதே பஸ், அதே ரூட். ஆனா கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவா இருந்தது. டிக்கெட் கொடுக்கிற வேலைக்குள்ளயே உடற்பயிற்சி ஒளிஞ்சிருந்தது, பாருங்க. இதுலயும் ஒரு சிக்கல் உண்டு. பிறகு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தப்ப, டிரைவர்களோட இடுப்பு இளம் வயசுலயே கொஞ்சம் பெரிசா இருந்தது. அப்போ எல்லாத்துக்கும் படிக்கட்டுதான் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனாலும் அதுக்கப்புறம் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதே பக்கம்தான் கை காட்டுது.

அம்மா விஷயம் தனி. "அம்மா, நீங்களும் அப்பாகூட வாங்க"ன்னா, "நான் வீட்டுக்குள்ளயே நாள் முழுக்க நடந்துட்டுத்தானே இருக்கேன்"னு சொல்லுவாங்க. அது உண்மைதான். ஆனா அம்மா தனியா வெளியே போகும்போது நான் ஒண்ணு கவனிச்சேன். கையில எப்பவும் ஒரு பை இருக்கும். ஒண்ணும் வாங்கப் போகலைன்னாலும் இருக்கும். ஒரு நாள் கேட்டேன். "சும்மா நடந்தா நாலு பேர் எங்க போறேன்னு கேப்பாங்கடி. பை இருந்தா கேக்க மாட்டாங்க"ன்னாங்க. ஒரு ஆம்பளை டீக்கடை வாசல்ல அரை மணி நேரம் சும்மா நிக்கலாம். ஒரு பொம்பளை தெருவுல பத்து நிமிஷம் நடக்க ஒரு மஞ்சப்பை வேண்டியிருக்கு. இந்த எபிசோடைக் கேக்கிற பொண்ணுங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. அம்மாவோட வழி எனக்கும் உதவுது. நாலு நாளைக்கான காய்கறியை ஆப்ல போடறதுக்குப் பதிலா, அன்னன்னைக்கு வேணுங்கிற கீரையோ கொத்தமல்லியோ வர்ற வழியில வாங்கறேன். பையும் ஆச்சு, நடையும் ஆச்சு. கீரையும் வாடாம இருக்கு.

சரி, ரோடு. இதைப் பேசாம நடையைப் பத்திப் பேசறது ஏமாத்து. ஃபுட்பாத்ல டிரான்ஸ்ஃபார்மர், பைக், குப்பைத் தொட்டி, பாதி தோண்டின பள்ளம். நம்மைப் பின்னாடியே வந்து ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்ற பைக். இந்தியாவுல 2022-ல மட்டும் சாலை விபத்துல இறந்த பாதசாரிகள் 32,000-க்கும் மேல. "நடக்காதவங்க சோம்பேறிங்க"ன்னு யாராவது சொன்னா இந்த எண்ணைக் காட்டுங்க. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம், நடைபாதை அரசமைப்போட 21-ஆம் பிரிவு தர்ற உயிர்வாழும் உரிமைக்குள்ள வரும்னு சொல்லிச்சு. தி.நகர் பாண்டி பஜார்ல 2019-ல அகலமான நடைபாதை போட்டாங்க. அங்க நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், இடம் கொடுத்தா இந்த ஊர் ஜனங்க குழந்தை குட்டியோட வந்து நடப்பாங்க. எங்க தெருவுக்கு அது எப்ப வரும்னு தெரியல. அதுவரைக்கும் நான் செய்யறதைச் சொல்றேன்.

மெயின் ரோட்டை விட்டுட்டு உள் தெருவுல போவேன். நூறு மீட்டர் கூடுதலா இருந்தாலும் மர நிழலும் வெளிச்சமும் இருக்கிற தெரு. ஃபுட்பாத் இல்லாத இடத்துல வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியற மாதிரி நடப்பேன். ராத்திரின்னா வெளிர் நிறத் துப்பட்டா. மழைத் தண்ணி தேங்கி நின்னா அன்னைக்கு நடை கிடையாது, ஆட்டோதான். தண்ணிக்கு அடியில மூடி இல்லாத பள்ளமும் இருக்கலாம், கரன்ட்டும் இருக்கலாம். அப்புறம் இதை இப்போ நடந்துக்கிட்டே கேக்கிறவங்க யாராவது இருந்தீங்கன்னா, ஒரு காதுல இருந்து இயர்ஃபோனை எடுத்துடுங்க. என் குரலைவிடப் பின்னாடி வர்ற தண்ணி லாரி முக்கியம்.

வீட்டுல இருந்தே வேலை செய்யறவங்க என்ன பண்றதுன்னு கேப்பீங்க. உங்களுக்கு ஸ்டேஷனும் இல்லை, ஆபீஸும் இல்லை. ஆனா போன் இருக்கு. வீடியோ தேவையில்லாத கால் எல்லாத்தையும் நின்னு, நடந்து பேசுங்க. என் கலீக் ஒருத்தன் ஊர்ல இருக்கிற அவங்க பாட்டிகிட்ட தினமும் இருபது நிமிஷம் மொட்டை மாடியில நடந்துக்கிட்டே பேசறான். தண்ணி பாட்டிலை மேஜைல வெச்சுக்காம டம்ளர்ல குடிச்சா, ஒவ்வொரு தடவையும் எழுந்து போகணும். கேக்க அற்பமா இருக்கும். ஆனா மணிக்கணக்கா ஒரே இடத்துல உட்காருறதை அதுதான் உடைக்கும்.

இந்த வாரம் உங்க நாள்ல வண்டிகிட்ட கொடுத்த ஒரு கிலோமீட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. கண்டுபிடிச்சா வாய்ஸ் நோட் அனுப்புங்க. எந்த ஊர், எந்தத் தெரு, ஃபுட்பாத் இருக்கா, நாய் எத்தனைன்னு எல்லாம் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சிலதைப் போடறேன். இப்போ மணி ஒன்பதே முக்கால். அப்பா செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறார், நான் கிளம்பறேன்.