தலைப்பே வைக்காத ஓவியர்

சில எபிசோடுகளுக்கு முன்னால் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொல்லிட்டேன். அதைத் திருத்தணும். இன்றைக்கு அதுதான்.

போலந்து ஓவியர் ஜிஸ்வாஃப் பெக்ஷின்ஸ்கி. பெயர் தெரியாவிட்டாலும் படம் உங்கள் ஃபோனில் எப்போதாவது வந்திருக்கும். எரிகிற நகரத்தைப் பின்னால் விட்டுவிட்டு, தலையில் கட்டுப் போட்ட ஏதோ ஒன்று ஊர்ந்து வரும். மனுஷனா பூச்சியா, சொல்ல முடியாது. இன்னொன்று 1984இல் வரைந்தது. எலும்பும் நரம்புமாக வற்றிய இரண்டு உருவங்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும். எந்தக் கை யாருடையது என்று தெரியாது. பயமாத்தான் இருக்கும், ஆனால் அதில் எனக்குப் பயத்தைவிட அன்புதான் அதிகம் தெரியுது.

நான் சொன்னது இதுதான்: "மனைவியை இழந்தார், மகனை இழந்தார், அந்த வேதனைதான் இந்தப் படங்கள்." சோக இசையோடு வருகிற ரீல்ஸ்களிலும் இதே கதைதான்.

அதைக் கேட்ட நேயர் ஒருவர் மெயில் அனுப்பினார். அண்ணனைப் பறிகொடுத்தவர், படம் வரைகிறவர். "சோகம் வந்தா கலை வரும்ங்கிற மாதிரி பேசினீங்க. எனக்கு ஒரு வருஷமா பென்சிலைத் தொடவே முடியலை. என்கிட்ட ஏதாவது குறையா?"

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து வருஷங்களைப் பார்த்தேன். முதல்லயே பார்த்திருக்கணும்.

நம்மைத் தூங்கவிடாத அந்தப் படங்கள் பெரும்பாலும் 1960களின் கடைசியிலிருந்து 1980களின் நடுப்பகுதிக்குள் வந்தவை. மனைவி சோஃபியா இறந்தது 1998இல். மகன் தொமாஷ் அங்கே பெயர்பெற்ற வானொலித் தொகுப்பாளர். 1999 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2005 பிப்ரவரியில் பெக்ஷின்ஸ்கியை அவருடைய வார்சா வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொன்றார்கள். அந்த 1984 படத்துக்கும் முதல் சாவுக்கும் நடுவில் 14 வருஷம்!

"சரி, அப்போ போர்தானே காரணம்?" என்று கேட்கலாம். பிறந்தது 1929, சானோக் என்ற சின்ன ஊரில். ஜெர்மன் படை உள்ளே வந்தபோது அவருக்குப் பத்து வயது. அந்த வாதத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மனுஷன் எந்த விளக்கத்துக்கும் பிடி கொடுக்கவே இல்லை. படங்களுக்குத் தலைப்பே வைக்கவில்லை. அர்த்தம் கேட்டால், தனக்கே தெரியாது, அதில் ஆர்வமும் இல்லை என்றுதான் சொல்வார்.

இத்தனைக்கும் ஆள் இருண்ட குகையில் வாழ்ந்தவர் இல்லை. கட்டடக்கலை படித்தவர். சானோக் பஸ் தொழிற்சாலைக்குப் பஸ் டிசைன் பண்ணினார். தெரியுமா, பஸ்! கேன்வாஸுக்குப் பதிலாக ஹார்ட்போர்டில் எண்ணெய் வண்ணம். பின்னணியில் சத்தமாக இசை. பழகியவர்கள் அவரைக் கலகலப்பாகப் பேசுகிறவர், கூச்ச சுபாவி என்கிறார்கள். வீட்டில் நடப்பதையெல்லாம் வீடியோ எடுத்து வைக்கிற பழக்கமும் உண்டு. அந்தக் குடும்பத்தைப் பற்றி 2016இல் வந்த 'தி லாஸ்ட் ஃபேமிலி' படத்தைக் கிடைத்தால் பாருங்க.

1977இல், வார்சாவுக்குக் குடிபெயர்வதற்கு முன், தன் படங்களில் சிலவற்றை வீட்டுப் பின்பக்கம் போட்டு எரித்தார். சிலது திருப்தியில்லை, சிலது ரொம்பவே சொந்த விஷயம். அதாவது, தன் வாழ்க்கையை நேராகக் காட்டுகிற படங்களை நம் கண்ணில் படாமலேயே செய்துவிட்டார். மிச்சம் இருப்பதில்தான் நாம் அவர் கண்ணீரைத் தேடிக்கிட்டு இருக்கோம்.

அந்த நேயருக்குப் பதில் எழுதிவிட்டேன். குறை உங்களிடம் இல்லை, கதையைத் தலைகீழாகச் சொன்ன என்னிடம்தான் என்று. பென்சிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அடுத்த முறை ரீல்ஸில் பெக்ஷின்ஸ்கி வந்தால், மியூட் பண்ணிட்டுப் படத்தை மட்டும் பாருங்க.